பசித்த வயிறும் பாடப் புத்தகமும்: ஒரு நூற்றாண்டு வரலாறு



ஆசிரியர் பயிற்சி முடித்து நான் முதன்முதலாகப் பணியேற்றது ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில். இரண்டாம் ஆண்டு வகுப்பு எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வகுப்பில் ஒரு மாணவன் காலை எட்டரை மணிக்கெல்லாம் மேசையில் தலை சாய்த்துவிடுவான். எழுப்பினால் எழுவான், கேள்வி கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். முதல் நாள் கற்பித்த எழுத்து மறுநாள் அவனிடம் இராது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவனுடைய பதிவேட்டில் 'மந்தமான மாணவன், குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பலாம்' என்று என் கைப்பட எழுதினேன். பயிற்சிக் கல்லூரியில் படித்த உளவியல் பாடமெல்லாம் அந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்குப் பயன்பட்டது என்று இப்போது எண்ணும்போது வெட்கமாக இருக்கிறது.

அவனைப் பற்றி எனக்கு உண்மையைச் சொன்னவர் சிற்றுண்டிச்சாலை நடத்திய அக்கா. "டீச்சர், அந்தப் பையன் வெள்ளிக்கிழமை ஒரு தட்டு சாப்பிட்டா, திங்கட்கிழமை ரெண்டு தட்டு கேக்கிறான். கவனிச்சீங்களா?" என்றார். நான் கவனித்ததில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் வீட்டில் என்ன சாப்பிட்டான் என்பதைத் திங்கட்கிழமைத் தட்டு சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர். பட்டயம் பெற்ற எனக்குத் தெரியவில்லை.

அக்கா கண்டுபிடித்த இதே உண்மையை இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எடைக்கருவி வைத்து நிறுவியிருக்கிறார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. உணவுக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பை மனிதர் எப்படிப் படிப்படியாகக் கண்டறிந்தனர் என்னும் வரலாறு, ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. ஆசிரியர் பயிற்சியில் இது நமக்குப் போதிய அளவு சொல்லப்படுவதில்லை. ஆகவே, நான் படித்தறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இங்கிலாந்தில் 1880-ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பும் அந்நாட்டில் ஏழைப் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். ஆனால் ஆலைகளிலும் தெருக்களிலும் சிதறிக் கிடந்த பசி யார் கண்ணிலும் படவில்லை. பிள்ளைகள் அனைவரையும் ஒரே கூரையின்கீழ் வரிசையாக உட்கார வைத்தபோதுதான் அது ஆசிரியர்களின் கண்ணுக்குத் தெரிந்தது. பசியை முதலில் பார்த்தவர்கள் வகுப்பாசிரியர்கள் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆயினும் அரசாங்கத்தை அசைத்தது ஆசிரியரின் குரல் அன்று, போர்தான். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, தொழில் நகரங்களிலிருந்து வந்த இளைஞர்களில் பெருந்தொகையினர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். பேரரசுக்கே ஆபத்து என்று அஞ்சிய அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. 1904-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனையும் உணவும் தேவை என்றது. 1906-இல் பள்ளி உணவுச் சட்டம் நிறைவேறியது. பிராட்ஃபோர்டு நகரிலிருந்து நாடாளுமன்றம் சென்ற ஃபிரெட் ஜோவெட் அதற்காகப் போராடியவர்களில் ஒருவர். அதே நகரின் கல்வி வாரியத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய மார்கரெட் மெக்மில்லன் அம்மையாரையும் இங்கே குறிப்பிட வேண்டும். பசித்த பிள்ளைக்குப் பாடம் நடத்துவது வீண் என்று ஊர் ஊராகச் சென்று பேசியவர் அவர்.

அக்காலத்தில் எழுந்த எதிர்ப்பு என்ன தெரியுமா? பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றோர் கடமை. அதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டால் பெற்றோர் சோம்பேறிகளாகிவிடுவர் என்பதே. நூற்றிருபது ஆண்டுகள் ஆகின்றன. நம் ஆசிரியர் அறைகளில் இன்றும் இதே வாதத்தைக் கேட்கிறேன், சொற்கள்கூட மாறவில்லை!

1907-ஆம் ஆண்டு பிராட்ஃபோர்டு நகரில் ஒரு சோதனை நடைபெற்றது. கல்விக் குழுவின் மருத்துவரான ரால்ஃப் குரோலி, மிக வறிய குடும்பங்களைச் சேர்ந்த 40 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். பள்ளி நாள்களில் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் பாலும், நண்பகலில் சமைத்த உணவும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. மேசைமீது விரிப்பு, பூச்சாடி, கழுவிய கை என எல்லாமே ஒழுங்காக இருந்தன. எடை தொடர்ந்து குறிக்கப்பட்டது. இவ்வுணவு பெறாத வேறு பிள்ளைகளின் எடையும் ஒப்பீட்டுக்காகக் குறிக்கப்பட்டது. உணவு பெற்றோரின் எடை விரைவாக ஏறியது. இடையில் விடுமுறை வந்தது. பள்ளி மூடியிருந்த நாள்களில் அதே பிள்ளைகளின் எடை சரிந்தது. பள்ளி திறந்ததும் மீண்டும் ஏறியது. அந்த வரைபடத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, எனக்கு அக்கா சொன்ன திங்கட்கிழமைத் தட்டுதான் நினைவுக்கு வந்தது.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த சென்னை மாகாணத்திலும் இந்தச் சிந்தனை விரைவிலேயே வேரூன்றியது. 1920-இல், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பொறுப்பிலிருந்தபோது, சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. செலவைக் காரணம் காட்டி 1925-இல் ஆங்கில அரசாங்கம் அதை நிறுத்த, பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. பின்னர் 1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022-இல் காலை உணவுத் திட்டம் என அந்த வரலாறு நீள்கிறது. அதை நம்மவர் பலரும் எழுதியிருக்கின்றனர், நான் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். இத்திட்டங்கள் பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைத்தன. வந்து அமர்ந்த பிள்ளையின் அறிவாற்றலுக்கும் உண்ட உணவுக்கும் என்ன தொடர்பு என்னும் கேள்விக்கு அப்போது யாரிடமும் விடை இல்லை.

அந்த விடையை நோக்கிச் செல்லும் பாதை நம் மலாயா மண்ணையும் தொட்டுச் செல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சிசிலி வில்லியம்ஸ் என்பவர் ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் மருத்துவம் பயின்ற பெண் மருத்துவர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றியபோது கால்கள் வீங்கி, முடி செம்பட்டையாகி, எதிலும் நாட்டமின்றிக் கிடந்த குழந்தைகளைக் கண்டார். 1933-இல் அந்நோயை விவரித்து எழுதினார்; 1935-இல் அவ்வூர் மக்கள் வழங்கிய 'குவாஷியோர்கர்' என்னும் பெயராலேயே அதை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் இழந்து ஒதுக்கப்படும் குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் பொருள். எவ்வளவு நுட்பமான பெயர்! அவ்வூர்த் தாய்மார்கள் நோயின் காரணத்தையே பெயராக வைத்திருந்தார்கள்; மருத்துவ நூல்கள்தாம் தாமதமாக வந்து சேர்ந்தன.

1936-இல் அந்த அம்மையார் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். இங்கே அவர் கண்டது வேறொரு கேடு. சீனி கலந்த கெட்டிப்பாலைக் கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்கு ஈடான உணவு என்று நிறுவனங்கள் விளம்பரப்படுத்தி விற்றுக்கொண்டிருந்தன. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில், 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் உரையாற்றினார். தவறான உணவைக் குழந்தைக்கு ஊட்டத் தூண்டும் பரப்புரை கொலைக்கு ஒப்பாகும் என்பதே அவ்வுரையின் சாரம். செல்வந்தர்களும் வணிகர்களும் கூடியிருந்த அவையில் அன்று அப்படிப் பேசுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! பின்னர் சப்பானியர் ஆட்சியில் சாங்கி முகாமில் சிறைப்பட்டு, உயிர் தப்பி, 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

அவர் இங்கிருந்த அதே காலத்தில் நம் தோட்டங்களில் நிலைமை எப்படி இருந்தது என்பதை நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வாள். பிள்ளைக்குக் கடுங்கோப்பியும் ரொட்டியும். வசதியிருந்தால் டின் பால் கரைத்த வெந்நீர். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது. அந்தப் பள்ளிக்கு எத்தகைய வயிற்றோடு, எத்தகைய இரத்தத்தோடு பிள்ளைகள் வந்தனர் என்று கேட்க அச்சட்டத்தில் இடமில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்னும் பேச்சு அக்காலத்தில் பிறந்தது. கொக்கிப்புழுவும் இரத்தசோகையும் மலேரியாவும் கணக்கில் வரவில்லை. பிறப்பு மட்டும் கணக்கில் வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஊட்டக்குறைவு மூளையையும் பாதிக்கிறதா என்னும் கேள்வி வலுவாக எழுந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஸ்டோக், ஸ்மைத் என்னும் இரு மருத்துவர்கள் 1963-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான ஊட்டக்குறைவுக்கு ஆளான பிள்ளைகளின் தலைச்சுற்றளவும் அறிதிறன் மதிப்பெண்ணும் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருந்தன. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டினி கிடந்த பிள்ளை, பெரும்பாலும் புத்தகமும் பேச்சுத்துணையும் இல்லாத வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கிறது. மதிப்பெண் குறைவதற்கு உணவு காரணமா, வறுமையின் மற்றக் கூறுகள் காரணமா? இதைப் பிரித்தறிய ஒரே வழி, ஒத்த ஊர்களில் உணவை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

அப்படியொரு சோதனை நடந்த நாடு, நடு அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா. 1949 முதல் அங்கே ஓர் ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் இயங்கி வருகிறது. மக்காச்சோளமும் பருத்திக்கொட்டை மாவும் கலந்து மலிவான புரதமாவைத் தயாரித்துப் புகழ்பெற்ற நிறுவனம் அது. 1969-இல் அந்நிறுவனம் நாட்டின் கிழக்குப் பகுதியில் நான்கு சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு ஊர்களுக்கு, அம்மக்கள் வழக்கமாகப் பருகும் 'அத்தோலே' என்னும் கூழைப் போன்ற சத்துக்கூழ் வழங்கப்பட்டது. அந்தப் புரதமாவு, கொழுப்பு நீக்கிய பால்மாவு, சீனி ஆகியவை கலந்தது அது. மற்ற இரண்டு ஊர்களுக்கு 'ஃபிரெஸ்கோ' என்னும் இனிப்புப் பானம். அதில் புரதம் அறவே இல்லை, மாவுச்சத்தும் குறைவு. 100 மில்லிலிட்டர் கூழில் 91 கலோரி ஆற்றல் இருந்தது. பானத்தில் 33 கலோரிதான். உயிர்ச்சத்துகளும் தாதுச்சத்துகளும் பின்னர் இரண்டிலும் ஒரே அளவில் சேர்க்கப்பட்டன. மருத்துவ வசதி நான்கு ஊர்களுக்கும் சமமாகவே அளிக்கப்பட்டது.

ஒவ்வோர் ஊரிலும் நடுவே ஒரு கூடம். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை அது திறக்கும். யார் வேண்டுமானாலும் வந்து பருகலாம். பெயர்ப் பட்டியல் இல்லை, வருமானச் சான்று கேட்பாரில்லை. கருவுற்ற தாய்மார், பாலூட்டும் தாய்மார், ஏழு வயது வரையிலான பிள்ளைகள் ஆகியோர் பருகிய அளவை மட்டும் ஊழியர்கள் அளந்து எழுதி வந்தார்கள். எட்டு ஆண்டுகள் இது நடந்தது. 1977-இல் கூடங்கள் மூடப்பட்டன.

அன்றைய முடிவுகள் ஓரளவே மகிழ்ச்சி தந்தன. கூழ் பெற்ற ஊர்களில் மூன்று வயதுப் பிள்ளைகள் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரம் கூடியிருந்தார்கள். குழந்தைகளிடம் நடத்திய அறிதிறன் சோதனைகளிலோ வேறுபாடு சிறிதாகவே தென்பட்டது. இவ்வளவு உழைப்புக்கும் இவ்வளவுதானா என்று பலர் கருதியிருக்கலாம். நல்லவேளையாக, ஆய்வாளர்கள் ஏடுகளைக் கட்டி வைத்துவிட்டு மறந்துவிடவில்லை.

1988-இலும் 1989-இலும் அவர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிச் சென்றார்கள். அன்றைய குழந்தைகள் இப்போது வளரிளம் பருவத்தினராகவும் இளைஞர்களாகவும் இருந்தார்கள். எர்னஸ்டோ பொலிட் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அவர்களுக்கு வாசிப்பு, சொல்வளம், எண்ணறிவு, பொது அறிவு ஆகியவற்றில் சோதனை வைத்தார்கள். 1993-இல் வெளியான அம்முடிவுகளை ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் சிந்திக்க வேண்டும்.

இனிப்புப் பானம் பெற்ற ஊர்களில் நாம் வழக்கமாகக் காண்பதே நடந்திருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதிக மதிப்பெண்ணும் வறிய வீட்டுப் பிள்ளைகள் குறைந்த மதிப்பெண்ணும் பெற்றனர். வீட்டின் நிலையைச் சொன்னால் மதிப்பெண்ணை ஏறக்குறைய ஊகித்துவிடலாம். கூழ் பெற்ற ஊர்களிலோ அந்த ஊகம் பலிக்கவில்லை! பலவற்றில் வறியவரும் வசதியுள்ளவரும் ஏறத்தாழ ஒன்றாக நின்றனர். கூழால் மிகுதியாகப் பயனடைந்தவர்கள், ஊரிலேயே மிக வறியவர்களின் பிள்ளைகள். இரண்டு வேளைக் கூழ், பரம்பரை அறிவு என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றின் பெரும்பகுதியை அழித்துவிட்டது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பள்ளியில் அதிக வகுப்புகள் படித்தவர்களிடம்தான் கூழின் பயன் பெரிதாகத் தெரிந்தது. உணவு, கற்கும் ஆற்றலைக் கொடுத்தது; அந்த ஆற்றலை மதிப்பெண்ணாக மாற்றப் பள்ளி தேவைப்பட்டது.

2002 முதல் 2004 வரை மீண்டும் சென்றார்கள். குழந்தைகள் இப்போது குடும்பத் தலைவர்கள். சிறுவயதில் கூழ் பெற்ற பெண்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக 1.2 வகுப்பு கூடுதலாகப் படித்திருந்தனர். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனில் ஆண், பெண் இருபாலரும் மேம்பட்டு நின்றனர். முதல் இரண்டு வயதுக்குள் கூழ் பருகிய ஆண்களின் ஒரு மணி நேர ஊதியம், பானம் பருகியோரைவிட ஏறத்தாழ 46 விழுக்காடு அதிகம் என்று 2008-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கூறியது. மூன்று வயதைக் கடந்தபின் கூழ் பெற்றோரிடம் இந்த ஊதிய வேறுபாடு காணப்படவில்லை.

மூன்று வயது! நாம் முதலாம் ஆண்டில் பிள்ளையைப் பார்க்கும்போது அதற்கு ஏழு வயது. மனித மூளை இரண்டு வயதுக்குள்ளேயே தன் முழுவளர்ச்சியின் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது என்கின்றனர் மருத்துவர்கள். நம் வகுப்பறைக்கு வருமுன்பே ஒரு பெரிய பாடம் நடந்து முடிந்துவிடுகிறது. அதை நடத்துபவர் தாய். அந்தத் தாய்க்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

அப்படியானால் ஏழு வயதுப் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா என்று ஆசிரியர்கள் மனம் தளர வேண்டியதில்லை. சிசிலி வில்லியம்ஸ் பிறந்த ஜமைக்கா நாட்டிலிருந்தே இதற்கு விடை கிடைத்தது. சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்னும் மருத்துவர் 1986-இல் தொடங்கி, தலைநகர் கிங்ஸ்டனின் வறிய பகுதிகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை நான்கு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால்மாவு. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் வீட்டுக்கு வந்து, தாய்க்கும் சேய்க்கும் விளையாட்டும் பேச்சும் கற்றுத் தருவார். விளையாட்டுப் பொருள்கள் வீணாய்ப் போகும் பொருள்களைக் கொண்டு கையால் செய்தவையே. மூன்றாம் பிரிவுக்கு இரண்டும். நான்காம் பிரிவுக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டு முடிவில், பால்மாவும் விளையாட்டும் சேர்ந்து பெற்ற குழந்தைகள், வளர்ச்சி குன்றாத குழந்தைகளை ஏறத்தாழ எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அதன் பயன் தங்கவில்லை. விளையாட்டும் பேச்சும் பெற்றவர்கள், அவை பெறாதவர்களைவிட 25 விழுக்காடு அதிகமாக ஊதியம் ஈட்டினர். குவாத்தமாலா ஒன்று சொல்கிறது, ஜமைக்கா வேறொன்று சொல்கிறது என்று தோன்றலாம். நான் அப்படிக் கருதவில்லை. கருவிலிருந்தே கிடைத்த உணவு ஒன்று. குன்றியபின் கொடுத்த உணவு வேறொன்று. பிந்தி வரும் உணவுக்குத் துணையாகப் பேச்சும் விளையாட்டும் கட்டாயம் தேவை என்பதே நான் புரிந்துகொண்டது. பாலர் பள்ளி ஆசிரியைகளை நாம் எவ்வளவு குறைவாக மதிக்கிறோம் என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அது வேறு கட்டுரை.

அதே ஜமைக்காவில் பள்ளிப் பிள்ளைகளின் பசியாறலைப் பற்றியும் ஆராய்ந்தார்கள். காலை உணவின்றி வந்தபோது நன்கு வளர்ந்த பிள்ளைகளின் சோதனை முடிவுகள் பெரிதாகக் குன்றவில்லை. ஏற்கெனவே ஊட்டம் குறைந்த பிள்ளைகளோ தெளிவாகப் பின்தங்கினர். வகுப்பில் ஒரே நாள் பசியாறாமல் வந்த இரு பிள்ளைகள் ஒரே பசியோடு இருப்பதில்லை. 1996-இல் வெளியான இன்னோர் ஆய்வு என்னைச் சிரிக்கவும் வைத்தது, சிந்திக்கவும் வைத்தது. கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுத்து வகுப்பில் கவனித்தார்கள். வசதியும் ஒழுங்கும் இருந்த பள்ளியில் பிள்ளைகள் பாடத்தில் கூடுதலாக ஈடுபட்டனர். நெரிசலும் வசதிக்குறைவும் உள்ள பள்ளிகளில் பிள்ளைகள் கூடுதலாகப் பேசிக்கொண்டிருந்தனர்! தெம்பு வந்தது, அதைச் செலவிட வகுப்பில் வேலை இல்லை.

மூளைக்கு என்று விற்கப்படும் பால்மாவு டின்களையும் மாத்திரைகளையும் வாங்கும் பெற்றோர்களுக்காக ஒரு செய்தி. வேல்ஸ் நாட்டில் 12 வயதுடைய 90 மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1988-இல் வெளியானது. எட்டு மாதம் உயிர்ச்சத்து மாத்திரை உண்டவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் உயர்ந்தது என்று தொலைக்காட்சியில் செய்தி வந்தது. கடைகளில் மாத்திரைகள் காலியாயின. பிற ஆய்வாளர்கள் அதே சோதனையை மீண்டும் செய்தபோது அந்த உயர்வு தென்படவில்லை. குறை உள்ள இடத்தில் சத்து பயன்படும். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழிந்தோடும். விலையுயர்ந்த டின்னைவிட ஒரு முட்டை, ஒரு பிடி கீரை, கொஞ்சம் நெத்திலி ஆகியவை கூடுதல் பயன் தரும். சாப்பாட்டோடு பிள்ளைக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கத்தையும் கைவிடலாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேராதபடி அது தடுக்கிறது.

நம் நாட்டில், ஆர்.எம்.டி. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் கூடுதல் உணவுத் திட்டம் 1979-இலும் பள்ளிப் பால் திட்டம் 1983-இலும் தொடங்கின. எல்லாத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசக் காலை உணவு என 2019-இல் ஓர் அறிவிப்பு வந்தது. 2020-இல் அது வரம்பு சுருங்கி, சில பள்ளிகளிலேயே தொடங்கியது. வளர்ந்த நாடாகப் போகிறோம் என்று பேசிக்கொண்டிருக்கும் நமக்கு 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு ஒரு கணக்கைக் காட்டியது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். 2018-இல் யூனிசெஃப் வெளியிட்ட ஆய்வில், கோலாலம்பூர் வட்டாரத்து மலிவுவிலை அடுக்குமாடிகளில் வாழும் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 விழுக்காட்டினர் குன்றியும் 15 விழுக்காட்டினர் எடை குறைந்தும் 23 விழுக்காட்டினர் எடை மிகுந்தும் காணப்பட்டனர். தோட்டங்களிலிருந்து வெளியேறிய நம் குடும்பங்களில் பல இன்று வாழ்வது அத்தகைய அடுக்குமாடிகளில்தான். ஆயாக்கொட்டகை போய்விட்டது. மெகி மீயும் சீனி கரைத்த பானமும் வந்திருக்கின்றன. பிள்ளை பருமனாகத் தெரிவதால் பசி தெரிவதில்லை.

நான் இப்போது பணியாற்றும் பள்ளியில் ஆர்.எம்.டி. உணவை ஓய்வு நேரத்தில் கொடுக்காமல் வகுப்பு தொடங்குமுன்பே கொடுக்கத் தலைமையாசிரியர் இசைந்தார். ஏழு மணிக்குச் சிற்றுண்டிச்சாலையில் நிற்கிறோம். வாசிப்புப் பாடத்தைத் திங்கட்கிழமைகளில் இரண்டாம் பாடவேளைக்கு மாற்றிக்கொண்டேன். இவை சிறிய மாற்றங்கள்தாம். பெயர்ப் பட்டியல் தயாரிப்பதுதான் பெரிய வேலை. தேவையுள்ளவர் பலர் விண்ணப்பிப்பதில்லை.

அண்மையில் ஒரு தந்தையிடம் பாரத்தைக் கொடுத்தபோது, "நாங்க என்ன பிச்சைக்காரங்களா டீச்சர்? என் பிள்ளைக்குச் சோறு போட எனக்குத் தெரியாதா?" என்று குரல் உயர்த்தினார். அவர் லாரி ஓட்டுபவர், விடியுமுன் புறப்பட்டுவிடுவார். அவர் மனைவி தொழிற்சாலையில் இரவுப் பணி. எனக்குச் சட்டென்று சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. குவாத்தமாலா ஊர்களின் கதையைச் சொன்னேன். அங்கே பட்டியல் இல்லை, எல்லாரும் வந்தார்கள், வசதியுள்ளவரும் அதே குவளையில் குடித்தார்கள் என்றேன். "அப்போ இங்கேயும் எல்லாருக்கும் கொடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் விடையில்லை.

பாரத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை, மகளே அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கையெழுத்திட்டிருந்தது.

முதல் பள்ளியில் நான் 'மந்தமான மாணவன்' என்று எழுதினேனே, அவன் அந்த ஆண்டு இறுதியிலேயே தோட்டம் கைமாறியதால் குடும்பத்தோடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டான். பதிவேடும் அவனோடு போனது. அதில் இருந்த என் வரியை நான் திருத்தவில்லை.